மூன்று நிமிடக் கடிகாரமும் ஒரு நீள நோட்டும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பியபின் கைபேசியில் ஆடும் பிளிட்ஸ், அதாவது சில நிமிடங்களில் முடியும் அதிவேகச் சதுரங்கத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டியவர்கள். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டுமே போட்டிருக்கிறேன்.

புதிய வாசகர்களுக்காக என்னைப் பற்றி: திருச்சியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். சதுரங்கம் கற்றது 41-ஆம் வயதில். மகளைப் பள்ளிப் போட்டிகளுக்கு அழைத்துப்போய், மண்டப வாசலில் மற்றப் பெற்றோருடன் மணிக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. அந்தத் திண்ணையில் ஒரு தாத்தா பலகையை விரித்து எனக்குக் காய்களின் நடையைச் சொல்லிக்கொடுத்தார். மகள் கல்லூரிக்குப் போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் பெரியவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறேன்.

அம்மா, எனக்கு 44 வயது. ஆறு மாதமாக தினமும் இரவு பதினைந்து, இருபது ஆட்டங்கள் ஆடுகிறேன். எல்லாம் மூன்று நிமிட ஆட்டங்கள். ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) 900-க்கும் 1000-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இத்தனை ஆடியும் ஏன் முன்னேறவில்லை?
— ஜவுளி ஏற்றுமதி நிறுவன ஊழியர், கரூர்

இருபது ஆட்டங்களில் எத்தனையைத் திரும்பத் திறந்து பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றுகூட இல்லை என்றே நினைக்கிறேன். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஆடினேன்.

பிளிட்ஸ் ஆட்டத்தில் யோசிக்க இடமில்லை, ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கை செய்கிறது. தவறாகத் தெரிந்திருந்தால் அந்தத் தவறையே ஒரு நாளைக்கு இருபது முறை செய்து அதை உறுதியாக்கிக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் நீங்கள் மூவாயிரம் ஆட்டங்கள் ஆடியிருப்பீர்கள். அந்த மூவாயிரத்துக்குள் உங்களுக்கான பாடம் முழுவதும் இருக்கிறது. அது எடுக்கப்படாமல் கிடக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நீள நோட்டு வாங்கினேன், மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி. தேதி, வெள்ளையா கறுப்பா, எத்தனையாவது நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போனது, ஏன். அந்த 'ஏன்' பத்துச் சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஐம்பது தோல்விகள் சேர்ந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து எண்ணினேன். முப்பத்தொரு ஆட்டங்களில் காரணம் ஒன்றுதான்: காவல் இல்லாமல் நின்ற ஒரு காயை எதிராளி சும்மா எடுத்துக்கொண்டார். ஒன்பது, நேரம் தீர்ந்து போனவை. நான் அதுவரை ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பாடங்களைப் பார்ப்பதிலேயே பொழுதைச் செலவிட்டிருந்தேன். அந்த ஐம்பதில் ஓபனிங்கினால் தோற்றவை நான்கே நான்கு!

அன்றிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எதிராளி காயை வைத்ததும், என் திட்டத்தை நினைப்பதற்கு முன், 'இப்போது இது எதைத் தாக்குகிறது? இது கிளம்பி வந்ததால் எது காவலிழந்தது?' என்ற இரண்டு கேள்விகள். முதல் மாதம் இதற்கு மூன்று நான்கு விநாடி பிடித்தது, கடிகாரத்தில் தோற்றுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மாதம் கண் தானாகவே பார்க்கத் தொடங்கியது.

அந்த மூன்று நான்கு விநாடிக்கு உங்கள் ஆட்டத்தில் இடம் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதல் விநாடி இல்லாத மூன்று நிமிட ஆட்டம் நாற்பது நகர்த்தல் போனால், ஒரு நகர்த்தலுக்கு நாலரை விநாடி. ஐந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று விநாடி கூடுதலும் என்று வைத்தால், அதே நாற்பது நகர்த்தலுக்கு மொத்தம் 420 விநாடி, அதாவது ஒன்றுக்குப் பத்தரை விநாடி. இரண்டு மடங்குக்கும் அதிகம். அதுவும் பிளிட்ஸ்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் கூடும் இந்தக் கடிகாரத்துக்கு முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1980-களின் இறுதியில் காப்புரிமை பெற்றார். 1992-இல் தன் பழைய போட்டியாளர் ஸ்பாஸ்கியுடன் மறுபடி மோதியபோது அதை வைத்தே ஆடினார். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே மூன்று நிமிடமும் இரண்டு விநாடிக் கூடுதலுமாகத்தான் நடக்கிறது. உலகத்தில் மிக வேகமாக ஆடுகிறவர்களுக்கே அந்த இரண்டு விநாடி தேவைப்படும்போது நாம் ஏன் வேண்டாம் என்கிறோம்?

நாளையிலிருந்து இரவுக்கு நான்கே ஆட்டங்கள், ஐந்து நிமிடம், மூன்று விநாடிக் கூடுதல். தோற்ற ஆட்டத்துக்கு நோட்டில் ஒரு வரி. இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

கணினி என் ஆட்டத்துக்குத் துல்லியம் 82 சதவீதம் என்கிறது. அதை வைத்து என்ன செய்வது?
— மருந்துக்கடை நடத்துபவர், மன்னார்குடி

ஒன்றும் செய்ய வேண்டாம். முதலில் கணினியை அணைத்துவிட்டு, எந்த இடத்தில் தவறினோம் என்று உங்கள் கண்ணால் தேடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதன்பிறகு கணினியைப் போட்டு, நீங்கள் குறித்த இடமும் அது சிவப்புக் காட்டும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் விலகியிருக்கும் இடத்தில்தான் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

நான் 51 வயதுப் பள்ளி ஆசிரியர். என் வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் என்னை ஒரு கையால் ஆடித் தோற்கடிக்கிறான். நம் ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகிறார்கள். இந்த வயதில் மூளை இதையெல்லாம் ஏற்குமா?
— திண்டுக்கல்

ஐயா, பிரக்ஞானந்தா 2018-இல், குகேஷ் 2019-இல், இருவருமே பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள் என்பது உண்மை. நாம் ஆக மாட்டோம் என்பதும் உண்மை. உங்களிடம் அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைகளின் ஒரு நாள் முழுவதும் பலகைக்கு முன்னால் கழிந்தது. உங்களிடம் விடைத்தாள் திருத்தியதுபோக முக்கால் மணி நேரம் மிஞ்சும். ஒப்பிட வேண்டியது அந்த முக்கால் மணி நேரத்தை என்ன செய்கிறோம் என்பதைத்தான்.

ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன், ஆசிரியரான உங்களுக்குப் பிடிக்கும். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அதற்கு முன் டச்சுக்காரரான ஆட்ரியான் தெ க்ரூட் தொடங்கிவைத்த ஒரு சோதனையை விரிவாகச் செய்தார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த ஒரு நிலையைச் சில விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். பார்த்தவர் அதை வெற்றுப் பலகையில் திரும்ப அடுக்க வேண்டும். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதியவரால் சில காய்களைத்தான் வைக்க முடிந்தது. பிறகு காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது! அவருக்கு நம்மைவிடப் பெரிய நினைவாற்றல் இருந்திருந்தால் இங்கேயும் ஜெயித்திருக்க வேண்டுமே. அவர் பார்த்தது தனித்தனிக் காய்களை அன்று, தெரிந்த கூட்டங்களை. காஸ்லிங் செய்த (யானையோடு சேர்ந்து நகர்ந்து ஓரமாக ஒதுங்கிய) ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை என்பது அவருக்கு ஒரே சொல். நாம் 'திண்டுக்கல்' என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்காததைப் போல.

எனவே நமக்கு வேண்டியது புதிய மூளை இல்லை, சொற்கள். பெரியவர்கள் புதிய சொற்களைக் கற்கிறார்கள். மெதுவாக, திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்கிறார்கள். அதனால் தினமும் புதிய புதிர்களைத் துரத்தாதீர்கள். எளிய புதிர்கள் இருநூறு எடுத்துக்கொள்ளுங்கள்: குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் ராணியையும் தாக்குவது, கடைசி வரிசையில் யானை இறங்கி மேட் (ராஜாவுக்குத் தப்ப வழியில்லாத செக்) வைப்பது, ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கும் காயை மேலும் தாக்குவது. அந்த இருநூறையும் முடித்துவிட்டு முதலிலிருந்து மீண்டும் போடுங்கள். மூன்றாம் சுற்றில் விடை யோசனையில்லாமல் கண்ணில் விழும். பிளிட்ஸில் உதவுவது அப்படி விழுகிறவை மட்டுமே. எங்கள் மாடி வகுப்பில் மூன்றாம் சுற்றைச் சலிப்பு என்று விட்டவர்கள் இருக்கிறார்கள். பொறுத்துப் போட்டவர்கள் விட்டவர்களை இப்போது வரிசையாகத் தோற்கடிக்கிறார்கள்.

அந்தப் பையனிடம் வாரம் ஓர் ஆட்டம் கேட்டு ஆடுங்கள். தோற்றபின் எந்த இடத்தில் தவறினேன் என்று அவனிடமே கேளுங்கள். தன் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பிளிட்ஸுக்கு எந்த ஓபனிங் நல்லது? ஒவ்வொரு வாரமும் ஒன்றைக் கற்கிறேன், ஆட்டத்தில் எல்லாம் குழம்பிவிடுகிறது. யாரோ எட்டு நகர்த்தலில் மேட் வைத்துவிட்டுப் போகிறார்கள்.
— இருசக்கர வாகன மெக்கானிக், நாகர்கோவில்

தம்பி, எட்டு நகர்த்தல் என்றதுமே எனக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் காய் எடுத்தால் நீங்கள் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்துகிறவரா? அப்படியென்றால் இந்தப் பொறியில் நிச்சயம் விழுந்திருப்பீர்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நானும் விழுந்தேன். பலகையை எடுத்துவைத்துக்கொண்டு படியுங்கள். கட்டங்களின் பெயரில் எழுத்து வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை.

வெள்ளை டி4. கறுப்பு உடனே இ5 என்று ஒரு சிப்பாயை இலவசமாக நீட்டுகிறது. இதற்கு எங்லண்ட் கேம்பிட் என்று பெயர். வெள்ளை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு. கறுப்பு ராணி இ7-இல் வந்து நிற்கிறது. இ5 சிப்பாயைக் காப்போம் என்று வெள்ளை பிஷப் எஃப்4-க்குப் போகிறது. ராணி பி4-இல் செக் கொடுக்கிறது. அங்கிருந்து எஃப்4 பிஷப்பும் பி2 சிப்பாயும் சேர்ந்து குறியில் இருக்கின்றன. பிஷப் டி2-க்குத் திரும்பிச் செக்கை மறைக்கிறது. ராணி பி2 சிப்பாயை எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் கை அவசரப்படும். ராணியைத் துரத்துவோம் என்று பிஷப்பை சி3-இல் வைக்கத் தோன்றும். வைத்துவிட்டால் கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போடும். காப்பதற்காக உங்கள் ராணியை டி2-இல் வைப்பீர்கள். கறுப்பு சி3-இல் வெட்டும், நீங்கள் ராணியால் திருப்பி வெட்டுவீர்கள், கறுப்பு ராணி சி1-இல் இறங்கும். மேட்.

பிஷப்பை விட்டுவிட்டு குதிரையை சி3-இல் வையுங்கள். அவ்வளவுதான். அடுத்து யானை பி1-க்கு வந்து அந்த ராணியைத் தாக்கும், குதிரை டி5-க்குத் தாவும், கறுப்பு திணறிப்போகும். இந்த ஒரு நகர்த்தல் தெரிந்தபின் என்னிடம் எங்லண்ட் கேம்பிட் ஆடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் மலர்கிறது.

கவனியுங்கள், இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தோற்று, நோட்டில் எழுதி, அன்றிரவே பலகையில் வைத்துப் பார்த்துக் கற்றேன். அதனால்தான் மறக்கவில்லை. ஓபனிங் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: ஒன்றை வைத்துக்கொண்டு ஆடுங்கள், அடிபட்ட இடத்தில் மட்டும் ஒரு நகர்த்தல் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்று மாற்றினால் எந்த அடியும் இரண்டாம் முறை அதே இடத்தில் படாது, எதையும் கற்கவும் முடியாது.

எதை வைத்துக்கொள்வது? வெள்ளைக்கு நான் இத்தாலியன் சொல்வேன். இ4, குதிரை எஃப்3, பிஷப் சி4, பிறகு சி3, டி3, காஸ்லிங். இந்த வரிசையில் காய்கள் இயல்பாக வெளியே வந்துவிடும். கறுப்புக்கு, இ4 வந்தால் இ5, டி4 வந்தால் டி5. இரண்டுமே ராஜபாட்டை. கறுப்பில் இத்தாலியனை எதிர்கொள்ளும்போது ஒன்று மட்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கும்போது டி5 ஆடுவீர்கள், வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும். அந்தச் சிப்பாயை உங்கள் குதிரையால் திருப்பி வெட்டாதீர்கள். சி6-இல் உள்ள குதிரையை ஏ5-க்கு அனுப்பி பிஷப்பைத் தாக்குங்கள். திருப்பி வெட்டினால் வெள்ளை எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து உங்கள் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடும். மூன்று நிமிடத்தில் அங்கிருந்து மீள்வது மிகக் கடினம்.

கைபேசியில் ஆடுவது நல்லதா, கணினியிலா?
— தஞ்சாவூர்

கணினி. கைபேசியில் கட்டைவிரல் பாதிப் பலகையை மறைக்கிறது. கைபேசிதான் இருக்கிறது என்றால், காயை இழுக்காமல் காயைத் தொட்டு, பிறகு கட்டத்தைத் தொடும் முறைக்கு மாறுங்கள். தவறான கட்டத்தில் விழுவது குறையும்.

அக்கா, எனக்கு 29 வயது. ஓர் ஆட்டம் தோற்றால் என்னால் நிறுத்த முடிவதில்லை. இழந்த புள்ளியை எடுக்கிறேன் என்று ஆடி ஆடி இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரே இரவில் 130 புள்ளி போனது. மனைவி கோபப்படுகிறார்.
— பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் அப்பா மருத்துவமனையில் இருந்த ஒரு வாரம் எனக்கு நினைவுக்கு வந்தது. இரவில் வராந்தாவில் உட்கார்ந்து, தூக்கம் வராமல், ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்த்தேனே தவிர ஆடவில்லை. புள்ளி சரிந்தது. உள்ளே அப்பா தண்ணீர் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார், என் காதில் விழவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன்தான் எழுந்து கொடுத்தான். அடுத்த நாள் காலையில் கைபேசியை மகளிடம் கொடுத்து, ஒரு மாதம் அந்தச் செயலியை எடுத்துவிடச் சொன்னேன்.

முதலில் கணக்கு, மனம் சற்று அடங்கும். உங்களுக்குச் சமமானவரோடு ஆடினால் வெற்றியும் தோல்வியும் நாணயம் சுண்டுவதைப் போல. டிராவைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், குறிப்பிட்ட ஐந்து ஆட்டங்களும் தோல்வியாக அமைய 32-இல் ஒரு வாய்ப்பு. இரவுக்கு இருபது ஆட்டம் ஆடுகிறவருக்கு அது அடிக்கடி வந்தே தீரும். நீங்கள் எதுவும் தவறு செய்யாமலேயே முப்பது நாற்பது புள்ளி போய்த் திரும்ப வரும். உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரிடம்கூட நூறு ஆட்டத்தில் (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று எண்ணினால்) சராசரியாக 76 புள்ளிதான் உங்களுக்குக் கிடைக்கும் என்பது இந்த ரேட்டிங் முறையின் கணக்கு. அவரிடம் தோற்பதும் இயல்பே.

ஆனால் 130 புள்ளி நாணயத்தின் வேலை அன்று. இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்திருப்பவர் மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் இல்லை. அவர் உங்களைவிடப் பலவீனமான ஆட்டக்காரர், உங்கள் புள்ளியை அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

என் வகுப்பில் உள்ள விதி: தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மூன்று இல்லை, இரண்டு. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, அந்த இரண்டையும் நோட்டில் எழுதிவிட்டுப் படுக்க வேண்டும். இன்னொன்றும் செய்யுங்கள். லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ரேட்டிங் கண்ணிலேயே படாமல் மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒரு மாதம் மறைத்துவைத்து ஆடிப் பாருங்கள். எண் தெரியாவிட்டால் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இவ்வளவும் செய்தும் கை நிற்கவில்லை என்றால், செயலியை எடுத்துவிடுங்கள். சதுரங்கத்தை நேசிக்கிறவள் சொல்கிறேன், எடுத்துவிடுங்கள். ஒரு பலகை வாங்கி உங்கள் மனைவிக்கு ஆடக் கற்றுக்கொடுங்கள். பலகையில் ஆடினால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவது தெரியும்.

ராணி அதிகமாக வைத்திருந்தும் நேரம் முடிந்து தோற்றுவிடுகிறேன். இரண்டு முறை எதிராளிக்கு நகர இடமில்லாமல் செய்து டிரா ஆக்கிவிட்டேன். இரவுப் பணி இடைவேளையில் ஆடுபவள் நான்.
— செவிலியர், யாழ்ப்பாணம்

சகோதரி, இதற்குத் தீர்வு இருக்கிறது, ஒரே வாரத்தில். எதிரியிடம் ராஜா மட்டும், உங்களிடம் ராஜாவும் ராணியும் என்று வைத்துக் கணினியோடு தினமும் ஐந்து முறை முடியுங்கள். முறை இது: உங்கள் ராணியை எதிரி ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் வையுங்கள். அது எங்கே நகர்கிறதோ, நீங்களும் அதே தூரத்தில் பின்தொடருங்கள். யோசிக்கவே வேண்டாம், ராஜா தானாக மூலைக்குப் போய்ச் சேரும். மூலையில் நின்றதும் பின்தொடர்வதை நிறுத்திவிட வேண்டும். உங்கள் டிராக்கள் நடந்தது அந்த இடத்தில்தான். அதற்கு நகர இரண்டு கட்டம் விட்டுவைத்து, உங்கள் ராஜாவை நடத்தி வாருங்கள். பக்கத்தில் வந்ததும் மேட். இருபது விநாடிக்குள் முடிகிற வரை பழகுங்கள். பிறகு ராஜாவும் யானையும் வைத்து.

நீங்கள் பின்தங்கியிருக்கும்போதும் நினைவில் வையுங்கள்: உங்கள் நேரம் முடியும்போது எதிராளியிடம் தனி ராஜா மட்டுமே இருந்தால் அது தோல்வி இல்லை, டிரா. அதனால் இடர்ப்பாட்டில் அவருடைய கடைசிச் சிப்பாயை வெட்ட முடிந்தால் வெட்டிவிடுங்கள்.

காய்களை மாற்றிக்கொள்ளும் முன் மிஞ்சுவதைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது, கடைசி ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5-இல் வைத்தார். மூலையில் இருந்த டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ராஜாக்களும் சிப்பாய்களும் மிஞ்சின, குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். அத்துடன் பட்டம் கைமாறியது. களைத்துப்போன உலகச் சாம்பியனின் கண்ணுக்கே அது தப்பியது. இரவுப் பணியில் நீங்கள் தவறவிடுவதற்காக வருந்தாதீர்கள். ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் உள்ள முடிவாட்டத்தை இந்த மாதம் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் தோற்ற எதிராளி கணினி உதவியோடு ஆடினார் என்று சந்தேகம். என்ன செய்ய?
— சேலம்

தளத்திலேயே புகார் செய்யும் பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஏமாற்றியது உறுதியானால் கணக்கை முடக்கி, இழந்த புள்ளியைத் திருப்பித் தருவார்கள். அந்த ஆட்டத்தையும் நோட்டில் எழுதுங்கள். கணினியிடம் தோற்ற இடத்திலும் உங்கள் தவறு ஒன்று இருக்கும்.

பிளிட்ஸ் ஆட்டத்தைக் கெடுக்கும், ஆடவே கூடாது என்று எனக்குத் தெரிந்த பயிற்சியாளர் சொல்கிறார். உங்கள் கருத்து?
— ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், கோவை

அவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பிளிட்ஸ் மட்டும் ஆடினால் கெடுக்கும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஆட்டமாவது வேண்டும், பதினைந்து நிமிடமும் பத்து விநாடிக் கூடுதலும் வைத்து. யோசிப்பதை அங்கே கற்று, இங்கே வேகப்படுத்துகிறோம்.

ஆடவே கூடாது என்பதை ஏற்க முடியாது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில், முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தாலின் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் இருந்தது. அங்கே பிளிட்ஸ் ஆடி ஆடித்தான் அவருக்கு அந்த வேகம் வந்தது. 2017-இல் ரியாத்தில், 48 வயதில், உலக ரேபிட் (பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட வேக ஆட்டம்) பட்டத்தை வென்றார். வேகமான ஆட்டம் இளைஞர்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 48 நினைவுக்கு வரும்.

ஐயா, உங்களுக்குப் பகல் நேரம் இருக்கிறது. காலையில் நீண்ட ஆட்டம் ஒன்று, மாலையில் பிளிட்ஸ் மூன்று. பயிற்சியாளரிடம் நீண்ட ஆட்டத்தைக் காட்டுங்கள்.

எனக்கு 63 வயது. பேரனிடம் காய்களின் நடையைக் கற்றேன். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடக் கூச்சமாக இருக்கிறது. தோற்றால் சிரிப்பார்களோ என்று பயம். எப்படித் தொடங்குவது?
— இல்லத்தரசி, மயிலாடுதுறை

அக்கா, எதிரில் இருப்பவருக்கு உங்கள் வயதும் தெரியாது, ஊரும் தெரியாது. நீங்கள் வைத்துக்கொள்ளும் ஒரு புனைபெயர் மட்டும்தான் தெரியும். அரட்டைப் பெட்டியை அணைத்துவைக்கப் பேரனிடம் சொல்லுங்கள், யாருடைய பேச்சும் உங்களை எட்டாது.

லிச்செஸ் தளம் முழுக்க இலவசம், லாப நோக்கமில்லாதது. விளம்பரமும் கிடையாது. அதில் கணக்குத் தொடங்கினால் முதலில் 1500 என்று ஒரு ரேட்டிங் தருவார்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். 'இவரை இன்னும் எங்களுக்குத் தெரியாது' என்பது அதன் பொருள். அதனால் முதலில் உங்களைவிட வெகுவாகத் தேறியவர்களோடு உட்கார்த்திவைப்பார்கள், தோல்வி தொடர்ந்து வரும், எண் வேகமாக இறங்கும். பத்துப் பதினைந்து ஆட்டத்தில் உங்களுக்குச் சமமானவர்களிடம் வந்து சேர்வீர்கள். பலர் அதற்கு முன்பே மனமுடைந்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட வேண்டாம்.

பிளிட்ஸை இப்போது தொடாதீர்கள். பத்து நிமிடமும் ஐந்து விநாடிக் கூடுதலும் வைத்து, சமையல் முடிந்த பிற்பகலில், நாளுக்கு ஓர் ஆட்டம். ராணியை முதல் ஆறு நகர்த்தலுக்கு வீட்டிலேயே வையுங்கள், குதிரைகளும் பிஷப்புகளும் முதலில் வரட்டும், ராஜாவை காஸ்லிங் செய்துவிடுங்கள். முதல் வெற்றி கிடைத்த அன்று நகர்த்தல்களைப் பேரனை விட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை முழுதாக வைத்துப் பார்ப்போம்.